அறுநூற்றுப் பன்னிரண்டு விட்டில்கள்

கரம்பொனில் ஒருவர் செத்துப்போனால் உடலை எரிக்கலாம், உடுப்புகளை யாருக்காவது கொடுக்கலாம், கட்டிலைக் கழற்றிப் பின்கோடிக்குள் சாத்தலாம். அவருக்கு அடித்த கல்வெட்டை மட்டும் ஒன்றும் செய்ய முடியாது. முப்பத்தோராம் நாள் சாப்பாட்டோடு கையில் தருகிற அந்தச் சின்னப் புத்தகத்தின் முதல் பக்கத்தில் செத்தவரின் படம் இருக்கும். பிறகு அவருடைய வரலாறு, பேரன் பேர்த்தி வரைக்கும் வம்சம், யாரோ ஒரு வாத்தியார் கண்ணீரில் தோய்த்து எழுதிய வெண்பாக்கள், கடைசியில் தேவாரம். ஒருவரும் வாசிப்பதில்லை. ஒருவரும் எறிவதுமில்லை. எறிந்தால் செத்தவரையே எறிந்த மாதிரி. கடைக்காரனுக்குக் கச்சான் கடலை சுற்றக் கொடுத்தால் அதைவிடக் கேடு. ஆகவே அவை அலுமாரிக்கு மேலும் அரிசிப் பெட்டிக்குப் பின்னாலும் வருடக்கணக்காகக் குந்திக்கொண்டிருக்கும். வீட்டில் இடம் காணாவிட்டால் ஒரு பையில் போட்டுச் சனசமூக நிலையத்துக்கு அனுப்பிவிடுவார்கள்.

சனசமூக நிலையத்தின் வாசிகசாலைக்குப் பொறுப்பு கோசலா. நாற்பத்தாறு வயது. உயர்தரத்தில் சித்திரம் எடுத்தவள், பல்கலைக்கழகம் மயிரிழையில் கைநழுவிப்போனது. கலியாணம் இரண்டு தரம் சரிவந்து இரண்டு தரமும் சாதகம் பொருந்தாமல் பிழைத்தது. அதற்குப் பிறகு அவளும் கேட்கவில்லை, வீட்டாரும் பேசவில்லை. இப்போது தாய் தகப்பனும் இல்லை. பத்து வருடமாகக் காலை எட்டு மணிக்கு வாசிகசாலையைத் திறப்பாள், பின்னேரம் ஐந்து மணிக்குப் பூட்டுவாள். இடையில் கோயில் திருவிழா வந்தால் கடதாசித் தாமரை, பாலர் பாடசாலைக் கண்காட்சி வந்தால் கடதாசி யானை. கோசலா கை வைத்தால் கடதாசி எழும்பி நடக்கும் என்று ஊரில் சொல்வார்கள். சொல்லிவிட்டுத் தங்கள் வேலையைப் பார்க்கப் போய்விடுவார்கள்.

வாசிகசாலையில் அட்டையில்லாத புத்தகம் ஒன்று கிடந்தது. பழைய பாரசீக ஞானிகளின் பாடல்களை யாரோ தமிழ் வசனத்தில் எழுதியிருந்தார். எழுதியவர் பெயரும் பாடியவர்களின் பெயரும் இருந்த பக்கங்களைக் கறையான் தின்றுவிட்டது. கள், மதுச்சாலை, காதலியின் கூந்தல் என்று போன பக்கங்களைப் பார்த்து, இது குடிகாரர் புத்தகம் என்று முதல் தரம் மூடிவைத்தாள். மழைநாள் ஒன்றில் வேறு வேலையில்லாமல் மறுபடி எடுத்தபோதுதான், காதலி என்றால் கடவுள் என்பது அவளுக்குப் பிடிபட்டது. அடுத்து அதைக் கீழே வைக்க மனம் வரவில்லை. விளக்கை விரும்புகிற விட்டில் அதற்குள்ளேயே விழுந்து ஒன்றுமில்லாமல் போவதுதான் அன்பு என்று அதில் திரும்பத் திரும்ப வந்தது. தனியாக இருக்கிற மனிசிக்கு அந்த வரி எங்கே போய்த் தைக்கும் என்று சொல்லத் தேவையில்லை. விளக்கொன்றைச் சுற்றி நூற்றுக்கணக்கான கடதாசி விட்டில்கள் தொங்குவது அன்றைக்கே அவள் கண்ணுக்குள் வந்துவிட்டது.

புத்தகத்தைத் தின்ற கறையான் கல்வெட்டு அலுமாரிக்கும் போனது. நிலையத்தின் தலைவர் வாகீசன் மாஸ்டர், இளைப்பாறிய ஆசிரியர், கூட்டம் வைத்தார். எரிப்பது பாவம், விற்பது வெட்கம் என்று ஒன்றரை மணித்தியாலம் பேசி, எல்லாவற்றையும் மண்கும்பான் கடலில் விடுவது என்று முடிவாயிற்று. சாம்பலையும் கடலில்தானே கரைக்கிறோம் என்றார் மாஸ்டர். அந்த வேலையைக் கோசலாவின் தலையில் கட்டினார்கள்.

நான்கு சாக்குகளை ஓட்டோவில் ஏற்றிக்கொண்டு அவள் போனாள். மண்கும்பானில் கடல் எவ்வளவு தூரம் நடந்தாலும் முழங்காலைத் தாண்டாது. முதல் சாக்கை அவிழ்த்துக் கொட்டிவிட்டுக் கும்பிட்டுத் திரும்பினாள். கரைக்கு வந்து பார்த்தால் கல்வெட்டுகள் அவளுக்குப் பின்னாலேயே வந்துவிட்டன. முதல் பக்கம் விரிந்தபடி மணலில் வரிசையாகக் கிடந்து ஊரின் பெரியவர்கள் எல்லோரும் வானத்தைப் பார்த்தார்கள். கோசலா பயந்துபோனாள். ஒவ்வொன்றாகப் பொறுக்கினாள். மற்ற மூன்று சாக்குகளையும் அவிழ்க்கவே இல்லை. எல்லாவற்றையும் திரும்ப ஏற்றித் தன்னுடைய வீட்டுக் கொட்டிலில் இறக்கினாள்.

“கடலிலை விட்டாச்சோ பிள்ளை?” என்று அடுத்த நாள் மாஸ்டர் கேட்டார்.

“ஓம் மாஸ்டர்” என்றாள். முதல் சாக்கை விட்டவள்தானே, அது முழுப் பொய் இல்லை என்று தன்னைத் தேற்றிக்கொண்டாள்.

விட்டில் செய்யத் தொடங்கியது அதற்கு ஒரு மாதம் கழித்து. முதலில் தேவாரப் பக்கங்களைத்தான் வெட்டினாள். மெல்லிய தாள், கஞ்சி பூசிக் காயவைத்தாலும் சிறகுகள் தொய்ந்து விழுந்தன. கல்வெட்டில் மினுமினுப்பான தடித்த தாள் ஒன்றே ஒன்றுதான், படம் இருக்கிற பக்கம். அதை மடித்தால் மடித்தபடி நிற்கும். இரண்டு நாள் யோசித்தாள். பிறகு, தான் பிறக்க முன்னமே செத்துப்போன, பெயரைக்கூடக் கேள்விப்படாத ஒரு கிழவரின் பக்கத்தை எடுத்து ஒரு விட்டில் வெட்டிப் பார்த்தாள். தற்செயலாகக் கிழவரின் வலது கண் ஒரு சிறகில் வந்து நின்றது. மாரியில் விளக்கடிக்கு வருகிற பெரிய விட்டிலின் சிறகில் கண் மாதிரி ஒரு புள்ளி இருக்குமே, அப்படியே இருந்தது. கோசலா அடுத்த கல்வெட்டுக்குக் கை நீட்டினாள்.

அதற்குப் பிறகு தற்செயல் என்று ஒன்றும் இல்லை. ஒவ்வொரு விட்டிலுக்கும் இரண்டு சிறகு, இரண்டு சிறகிலும் செத்தவர் ஒருவரின் இரண்டு கண்கள். உடம்புக்கு வெண்பாவைச் சுருட்டினாள். படத்தில் கண் போக மிஞ்சிய மூக்கு, வாய், நாடி, காது எல்லாவற்றையும் ஒரு ஓலைக் கடகத்தில் சேர்த்து, வாளியில் ஊறவைத்து, வெந்தயத்தோடு உரலில் இடித்துக் கூழாக்கி, அந்தக் கூழால் நடுவிலே நிற்கிற விளக்கைச் செய்தாள். எல்லோரும் சுடருக்குள் ஒன்றாகிவிடுகிறார்கள் என்பது அவளுடைய கணக்கு. புத்தகத்தில் அப்படித்தானே இருக்கிறது என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டாள். ஆனால் அந்தப் புத்தகம் விட்டிலைத் தன்னைத்தான் கொளுத்தச் சொன்னது. அயலவனின் படத்தைக் கொளுத்தச் சொல்லவில்லை. இந்தச் சின்ன வித்தியாசம் அவளுக்கு அப்போது தெரியவில்லை. தெரிந்தும் தெரியாத மாதிரி இருந்தாள் என்பதுதான் சரி.

கடைசிச் சாக்கின் அடியில் யசோதராவின் கல்வெட்டு வந்தது, கறையான் விட்டுவைத்த ஒரே பிரதி. யசோதரா அவளோடு ஒரே வகுப்பில் படித்தவள். சண்டையால் இடம்பெயர்ந்து ஊருக்குத் திரும்பி இரண்டு வருடம்கூட ஆகாத நேரம், தொண்ணூற்றெட்டில், மூளைக்காய்ச்சல் வந்து மூன்று நாளில் போய்விட்டாள். பத்தொன்பது வயது. கோசலா அந்தப் பக்கத்தைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு மணித்தியாலம் இருந்தாள். வேண்டாம் என்று கீழே வைத்தாள். திரும்ப எடுத்தாள். அந்த அறுநூறு பேரில் ஒருவருக்கும் அப்படிப்பட்ட கண்கள் இல்லை. பெரிய கண்கள், ஏதோ சொல்ல வந்து பொறுத்துக்கொண்ட மாதிரி. பிளேடை எடுத்து வெட்டினாள். கை நடுங்கவே இல்லை. பிறகு அவளை மிகவும் வருத்தியது அந்த நடுங்காத கைதான்.

யசோதராவின் விட்டிலை மீன்பிடிக்கிற தங்கூசி நூலில் கட்டிச் சுடருக்கு மிகக் கிட்டத் தொங்கவிட்டாள். மொத்தம் அறுநூற்றுப் பன்னிரண்டு.

யாழ்ப்பாணத்தில் ஓவியக்காரர் சிலர் சேர்ந்து வைத்த கண்காட்சியில் அது ஒரு கிழமை முழுக்க நின்றது. கரம்பொனிலிருந்து ஒருவரும் போகவில்லை. கடதாசிப் பூச்சி பார்க்க பஸ் ஏறுவார்களா? ஆனால் அங்கே வந்தவர்கள் அதைவிட்டு நகரவில்லை. கண்காட்சியை நடத்திய சறோஜினிதேவி மிஸ் அவளுடைய கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார்: “கோசலா, நீர் என்ன செய்திருக்கிறீர் எண்டு உமக்கே தெரியாது. இந்தக் கண்ணுகள்! விளக்கடியிலை தொங்குதே ஒண்டு, அது என்னை நித்திரை கொள்ள விடேல்லை.” வருகிற வெள்ளிக்கிழமை விட்டில்களை ஏற்ற வான் அனுப்புவதாகவும், கொழும்பில் பெரிய கண்காட்சியில் வைப்பதாகவும் சொன்னார். கோசலாவின் வாழ்க்கையில் அவளுக்காக யாரும் வான் அனுப்பியதில்லை.

கண்காட்சி முடிந்ததும் எல்லாவற்றையும் திரும்பக் கொட்டிலில் கொண்டுவந்து தொங்கவிட்டாள். அந்த வெள்ளிக்கு முந்திய திங்கட்கிழமை காலை, வாசிகசாலை வாசலில் சின்னத்தங்கம் வந்து நின்றாள். யசோதராவின் தாய். எழுபத்தாறு வயது. மகன் சுஜிதன் லண்டனில். இங்கே அவள் தனியாகத்தான். கையில் ஒரு சீலைப் பை. கதிரையில் அமர்ந்து மூச்சு வாங்கிவிட்டுப் பைக்குள்ளிருந்து கண்ணாடிச் சட்டம் ஒன்றை எடுத்து மேசையில் வைத்தாள். கண்ணாடிக்குள் ஈரம் பட்டு வெளிறின தாள் ஒன்று. அதன் நடுவில் தேய்த்த மாதிரி ஒரு வெள்ளை.

“போன மழைக்கு ஓடு பறிஞ்சு சுவரெல்லாம் தண்ணி, பிள்ளை. படம் கண்ணாடியோடை ஒட்டிப்போச்சு. மெல்ல உரிச்சுப்போட்டு, சேறாக் கிடக்குது எண்டு சீலைத் தலைப்பாலை துடைச்சனான். துடைக்கத் துடைக்க முகம் கழண்டு வந்திட்டுது. என்ரை கையாலை துடைச்சுப்போட்டன்.”

கோசலாவால் சட்டத்தைப் பார்க்க முடியவில்லை.

“வேறை படம் இல்லையே மாமி?”

“எங்கையடி? இருந்த அல்பமெல்லாம் தொண்ணூறிலை, சண்டைக்குள்ளை, வீட்டோடை போட்டுது. இது அடையாள அட்டைக்கு எடுத்த படம். அட்டையைச் செத்தவீட்டோடை அரசாங்கத்துக்குத் திருப்பிக் குடுக்கவேணுமெண்டு விதானையார் வாங்கிப்போட்டார். கல்வெட்டு நூறுதான் அடிச்சது, அதிலையும் இதே படம்தான், என்னட்டை இருந்ததும் மழையிலை கரைஞ்சு போச்சு. லண்டனிலை சுஜிதனும் தேடிப் பாத்தவன், அவனிட்டை இல்லை.” அவள் குரலைத் தாழ்த்திக்கொண்டாள். “நான் ஒரு சங்கதி சொல்லுறன், சிரிக்காதை. எனக்கு அவளின்ரை முகம் மறந்துபோகுது. கண்ணை மூடினால் பின்னலும் சட்டையும் வருது, முகம் வருகுதில்லை. பெத்த தாய்க்கு அப்பிடி வருமோ? கல்வெட்டெல்லாம் கடலிலை விட்டதெண்டு மாஸ்டர் சொன்னவர். ஒண்டு ரெண்டு தப்பியிருக்காதோ எண்டுதான் வந்தனான்.”

இப்போது சொல்லியிருக்கலாம். வாய் வரைக்கும் வந்தது. சொன்னால் மாஸ்டருக்குத் தெரியவரும், ஊருக்குத் தெரியவரும், அறுநூற்றுப் பன்னிரண்டு வீட்டுக்காரரும் வாசல் படலையில் வந்து நிற்பார்கள், வான் வெறுமையாகத் திரும்பிப் போகும். இவ்வளவும் ஒரு மூச்சு இழுத்து விடுகிற நேரத்துக்குள் அவளுடைய மனதில் ஓடியது.

“இல்லை மாமி. எல்லாம் கடலோடை போட்டுது.”

சின்னத்தங்கம் தலையாட்டினாள். சட்டத்தைத் திரும்பப் பைக்குள் வைத்தாள். “நீ என்ன செய்வாய், பாவம்” என்று சொல்லிவிட்டுப் போனாள். திட்டியிருந்தால் கோசலாவுக்கு அன்று சோறு இறங்கியிருக்கும்.

செவ்வாய்க்கிழமை முழுவதும் அவள் தனக்குத்தானே வழக்காடினாள். கண்ணாடியில் ஒட்டியது மழையின் வேலை. துடைத்தது தாயின் கை. கடலில் விடச் சொன்னது மாஸ்டர். மாஸ்டர் சொன்னபடி செய்திருந்தால் இன்று அந்தக் கண்கள்கூட மிஞ்சியிருக்காது. வாதம் நன்றாகத்தான் இருந்தது. ஆனால் கைத்தொலைபேசியை எடுத்துப் பார்த்தபோது அந்த வாதமும் கைவிட்டது. அதில் விட்டில்களின் படங்கள் இருநூறுக்கு மேல் இருந்தன, முன்னாலிருந்து, பின்னாலிருந்து, வெயிலில், நிழலில். வெட்டுவதற்கு முதல் அந்தப் பக்கத்தை ஒரு தரம் படமெடுத்து வைக்க அவளுக்குத் தோன்றவேயில்லை.

புதன்கிழமை மத்தியானம் சயிக்கிளில் வீட்டுக்கு வரும்போது, மொட்டை வெயிலில் சின்னத்தங்கம் வீடு வீடாக ஏறி இறங்குவதைக் கண்டாள். அதே சீலைப் பை. ஒரு படலையில் யாரோ கையை விரித்தார்கள். அவர்களும் தங்கள் வீட்டுக் கல்வெட்டுகளை வாசிகசாலைக்குக் கொடுத்துவிட்டவர்கள்தான். அவள் அடுத்த படலைக்குப் போனாள். கோசலா சயிக்கிளைத் திருப்பிப் பக்கத்துச் சின்னக் கைஒழுங்கைக்குள் விட்டாள். பனங்கூடலுக்குள் இறங்கி நின்று, ஏன் இப்படி ஒளிக்கிறேன் என்று தன்னையே கேட்டு அழுதாள். ஆனால் அன்றும் அவள் சொல்லவில்லை. வியாழனும் சொல்லவில்லை. வியாழன் பின்னேரம் வாசிகசாலையிலிருந்து பழைய பத்திரிகைகள் கொண்டுபோய் விட்டில்களைச் சுற்றிக் கட்டத் தொடங்கினாள். குற்றம் நெஞ்சைத் தின்னத் தின்னக் கை பக்குவமாகப் பொதி கட்டிக்கொண்டிருந்தது.

வெள்ளி காலை ஏழு மணிக்குக் கடைசியாக விளக்கடி விட்டில் மிஞ்சியிருந்தது. அதை எடுக்கக் கை நீட்டினாள். யசோதரா அவளைப் பார்த்தாள். கோபமுமில்லை, ஒன்றுமில்லை, ஏதோ சொல்ல வந்து பொறுத்துக்கொண்ட அதே பார்வை. கோசலா நூலை அறுத்தாள். பத்திரிகையில் சுற்றவில்லை. வெறுங்கையில் ஏந்திக்கொண்டு, கால் செருப்பையும் மறந்து, இரண்டு ஒழுங்கை தள்ளியிருந்த சின்னத்தங்கத்தின் வீட்டுக்கு நடந்தாள்.

சின்னத்தங்கம் முற்றம் கூட்டிக்கொண்டிருந்தாள்.

“மாமி, கல்வெட்டு கடலிலை போகேல்லை. நான் பொய் சொன்னனான்.”

அடுத்த வசனத்தைச் சொல்ல அவளுக்கு வழியிருக்கவில்லை. சின்னத்தங்கத்தின் முகம் அப்படி மலர்ந்துவிட்டது. விளக்குமாறு கையிலிருந்து விழுந்தது. “கிடக்கோ? அப்ப கிடக்கோ பிள்ளை? நான் கும்பிட்ட அம்மாள் கைவிடேல்லை. எங்கை, தா!”

கோசலா உள்ளங்கையை விரித்தாள்.

கிழவி குனிந்து பார்த்தாள். முதலில் ஒன்றும் விளங்கவில்லை. உள்ளே போய் மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வந்து, விட்டிலை வாங்கி வெளிச்சத்துக்குப் பிடித்தாள். இரண்டு சிறகும் விரிந்தன.

“இது அவள்தான்” என்றாள். பிறகு விட்டிலைத் திருப்பிப் பின்பக்கம் பார்த்தாள். திரும்பவும் முன்பக்கம் பார்த்தாள். “மிச்சம் எங்கை?”

கோசலா எல்லாவற்றையும் சொன்னாள். மண்கும்பானில் திரும்பி வந்தது, சாக்குகளைக் கொட்டிலில் வைத்தது, வெட்டியது, மிச்சத்தை ஊறவைத்து இடித்துக் கூழாக்கியது. இடித்தது என்ற சொல்லை விழுங்கப் பார்த்தாள், விழுங்க முடியவில்லை.

“ஏன் பிள்ளை வெட்டினனி?”

அந்தக் கேள்விக்குக் கோசலாவிடம் நல்ல மறுமொழி இருந்தது. விட்டில், சுடர், தன்னை இழக்கிற அன்பு என்று சறோஜினிதேவி மிஸ்ஸுக்கு அரை மணித்தியாலம் சொன்ன மறுமொழி. கூட்டின முற்றத்தில் நின்று அதில் ஒரு சொல்லைக்கூட அவளால் எடுக்க முடியவில்லை.

“கண் வடிவாயிருந்தது மாமி. வேறை ஒண்டுமில்லை.”

“ஓம். வடிவுதான்” என்றாள் சின்னத்தங்கம். உள்ளே போனாள். கோசலா போகிறதா நிற்கிறதா என்று தெரியாமல் நின்றாள். கிழவி போன வருடத்துக் கலண்டர் தாள் ஒன்றையும் ஒரு பென்சிலையும் கொண்டுவந்து மர வாங்கில் வைத்தாள். தாளின் வெள்ளைப் பக்கம் மேலே. அதன் தலைமாட்டில் விட்டிலை வைத்தாள்.

“நீ படம் கீறுறனிதானே. இரு. கண் இருக்கு. மிச்சத்தைக் கீறித் தா.”

கோசலா இருந்தாள். பென்சிலை எடுத்தாள். கண்களைக் கீறினாள், பார்க்கத் தேவையே இருக்கவில்லை, கை தானாக ஓடியது. புருவம் வந்தது. இமைக்குக் கீழே இருந்த சின்ன நிழல்கூட வந்தது. சின்னத்தங்கம் பக்கத்தில் ஒட்டி இருந்து, ஒவ்வொரு கோடாக விரலால் தொடாமல் தொட்டுக்கொண்டு வந்தாள்.

“ம்… அவள்தான். மூக்கு?”

பென்சில் நின்றது.

கோசலா யோசித்தாள். பள்ளிக்கூட வாங்கை நினைத்துப் பார்த்தாள், பின்னலில் கட்டின கறுப்பு ரிபனை நினைத்துப் பார்த்தாள், கணக்குப் பாடத்துக்குக் கவராயம் இரவல் கேட்கிற குரல்கூடக் கேட்டது. மூக்கு வரவில்லை. படத்தை நினைத்துப் பார்த்தாள். ஒரு மணித்தியாலம் கையில் வைத்துப் பார்த்த படம். அந்த ஒரு மணித்தியாலமும் அவள் கண்களை மட்டும்தான் பார்த்திருக்கிறாள்.

“சிரிப்பை அடக்கிக்கொண்டெல்லோ இருந்தவள் அந்தப் படத்திலை” என்றாள் சின்னத்தங்கம். “அடையாள அட்டைக்குச் சிரிக்கக் கூடாதெண்டு படமெடுக்கிறவன் சொன்னவனாம், அதுக்கு இன்னும் சிரிப்பு வந்ததாம். வந்து சொன்னவள். அந்த வாயைக் கீறு.”

வாய் வரவில்லை. படலைப் பக்கம் வான் ஒன்று தெருத் தெருவாக வழி விசாரித்துக்கொண்டு போகிற சத்தம் கேட்டது. மடியில் செருகியிருந்த கைத்தொலைபேசி அடித்து ஓய்ந்தது, திரும்பவும் அடித்தது. கோசலா அதை எடுக்கவில்லை.

“எனக்கு… எனக்கு ஞாபகம் வரேல்லை மாமி.”

கிழவி அவளுடைய முகத்தை உற்றுப் பார்த்தாள். பிறகு தாளில் இருந்த இரண்டு கண்களையும் பார்த்தாள்.

“எனக்கும்தான் வரேல்லை” என்றாள். முழங்காலில் கையை ஊன்றி எழும்பினாள். “நான் தேத்தண்ணி போட்டுக்கொண்டு வாறன். நீ இரு. வாய் வருமட்டும் இரு.”

சொல்லிவிட்டு மெல்ல நடந்து குசினிக்குள் போனாள்.